டிவி மூலையில் ஊதாத் திட்டு: பிக்சர் டியூப் போய்விட்டதா?

கேள்வி: எங்கள் வீட்டில் 21 இன்ச் பழைய டியூப் டிவி இருக்கிறது. அம்மா சீரியல் பார்ப்பது அதில்தான். ஒரு மாதமாக வலது மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறமும், அதை ஒட்டிக் கொஞ்சம் பச்சையும் படிந்திருக்கிறது. எந்தச் சேனல் வைத்தாலும் அதே இடம். பார்க்க வந்த மெக்கானிக் பிக்சர் டியூப் போய்விட்டது என்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: டியூப் போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது. டியூப் தேய்ந்தால் படம் முழுக்க மங்கும். ஒரு மூலை மட்டும் நிறம் மாறினால் அங்கே காந்தம் ஏறியிருக்கிறது. ஒரு மாதம் முன்பு டிவிக்கு வலப்பக்கம் ஸ்பீக்கர் எதையாவது கொண்டுவந்து வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

டிவி ஓடும்போது ஈர விரலால் திரையில் ஒரு சின்னப் பொட்டு வையுங்கள். அந்தத் துளி லென்ஸ் மாதிரி வேலை செய்யும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப் பொடியாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஷேடோ மாஸ்க் என்ற மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. மூன்று எலக்ட்ரான் கதிர்களும் அதன் துளைகள் வழியே வந்து அவரவர் நிறத்தில் விழ வேண்டும். தகட்டில் காந்தம் ஏறினால் கதிர் கொஞ்சம் விலகி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடும். அதுதான் உங்கள் ஊதா.

இதைத் தானே சரிசெய்துகொள்ள டிவியிலேயே ஏற்பாடு உண்டு. ஆன் செய்ததும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். டியூபைச் சுற்றியுள்ள டீகாஸிங் காயிலில் கரண்ட் பலமாகப் பாய்ந்து, ஓரிரு விநாடியில் படிப்படியாக அடங்கும். அப்படி அடங்கும்போது தகட்டின் காந்தமும் அழியும். கரண்டை அடக்குவது பாசிஸ்டர் என்ற சின்னப் பாகம். சூடேறினால் கரண்டை விடாது, ஆறினால்தான் மறுபடி விடும். நாமோ டிவியை ரிமோட்டிலேயே அணைக்கிறோம். பல செட்களில் அப்படி அணைத்து எழுப்பினால் இந்த வேலை நடப்பதே இல்லை.

அதனால் முதலில் ஸ்பீக்கரை மூன்றடி தள்ளி வையுங்கள். ஸ்டெபிலைசர் டிவியை ஒட்டியிருந்தால் அதையும் நகர்த்துங்கள். மெயின் சுவிட்சில் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு ஆன் செய்யுங்கள். ஒரே தடவையில் போகாது. நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி இடைவெளி விட்டுச் செய்தால் திட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும்.

'டொய்ங்' வரவே இல்லையா? பாசிஸ்டர் போயிருக்கும், அல்லது அதன் சால்டரிங் விட்டிருக்கும். விலை குறைந்த பாகம்தான். ஆனால் மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும்.

சத்தம் வந்தும் கறை போகவில்லை என்றால், கையில் பிடிக்கும் டீகாஸிங் காயில் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். திரைக்கு முன்னால் அதை வட்டமாகச் சுற்றி, அப்படியே ஆறடி பின்னால் வந்த பிறகே அணைக்க வேண்டும். தொழில் பழகிய நாளில் திரைக்குப் பக்கத்திலேயே பட்டனை விட்டுவிட்டேன். மூலையில் இருந்த கறை திரை முழுக்க வானவில்லாகப் பரவிவிட்டது! காந்தத்தைக் காந்தத்தால் எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள்.

திரை முழுவதும் ஒரே நிறச் சாயல் அடித்தால் அது காந்தம் அல்ல. டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் போர்டைப் பார்க்க வேண்டிய கோளாறு.

ஒன்று கேட்க மறந்தேன். வீடு மாற்றும்போதோ வெள்ளை அடிக்கும்போதோ டிவி கீழே விழுந்ததா? விழுந்திருந்தால் மாஸ்க் நெளிந்திருக்கலாம். அப்படியானால் மெக்கானிக் சொன்னதுதான் சரி, இதில் எதுவும் பலிக்காது.