கல்லூரி கோச்சின் கண்ணில் படுவது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்காவில் பள்ளி அணிகளில் ஓடும், ஆடும் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி அணியில் இடம் தேட உதவி வரும் பயிற்சியாளர் நான். இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாலஸிலிருந்து ஓர் அம்மா: மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி டென்னிஸில் மாநிலப் போட்டி வரை போனாள். ஆனாலும் எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. திறமை போதாதா?

அதற்குள் அப்படி முடிவு கட்டாதீர்கள். டென்னிஸ் உட்படப் பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை டிவிஷன் 1 என்ற மேல்மட்டப் பிரிவின் கோச்கள் மாணவரை அணிக்கு அழைத்துப் பேச, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி இடம் தருவதில்லை. ஆனால் உங்கள் மகள் அவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பதில் வராவிட்டாலும் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறும். இன்னொன்று, டென்னிஸ் கோச்கள் பள்ளிப் போட்டிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டத் தரத்தைக் காட்டும் யூடிஆர் எண்ணையும், அமெரிக்க டென்னிஸ் சங்கமான யுஎஸ்டிஏ நடத்தும் போட்டிகளின் முடிவுகளையும்தான் முதலில் பார்ப்பார்கள். கவனத்தை அங்கே திருப்புங்கள்.

நியூஜெர்சி, பதினோராம் வகுப்பு மாணவன்: அங்கிள், 800 மீட்டரை 1:56-ல் ஓடுகிறேன். கோச்சுக்கு என்ன எழுதுவது?

நல்ல நேரம் தம்பி. எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய். டிஎஃப்ஆர்ஆர்எஸ் (TFRRS) என்ற இணையதளத்தில் கல்லூரி ஓட்டக்காரர்களின் நேரங்கள் இருக்கின்றன. நீ நினைக்கும் அணியில் 800 ஓடுபவர்கள் எவ்வளவில் ஓடுகிறார்கள் என்று பார். எல்லாரும் 1:50-ஐ ஒட்டி இருந்தால் அந்த அணி இப்போதைக்கு உனக்கு எட்டாது. உன் நேரத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் இருந்தால் அங்கே எழுது.

ஈமெயில் தலைப்பிலேயே விஷயம் இருக்க வேண்டும்: பள்ளி முடிக்கும் ஆண்டு, 800 மீட்டர், 1:56.4, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), ஊர். உள்ளே பத்து வரி போதும். உன் நேரங்கள், அவை பதிவான அத்லெட்டிக்.நெட் இணையதளப் பக்கம், போன வருடத்தைவிட எவ்வளவு குறைத்தாய், அடுத்து எந்தப் போட்டியில் ஓடுகிறாய், உன் பயிற்சியாளரின் போன் எண். அந்தக் கல்லூரியில் என்ன படிக்க ஆசை என்பதற்கு ஒரு வரி. நேரம் குறையும்போதெல்லாம் மறுபடி எழுது. உன் முகவரியிலிருந்து நீயே எழுது, அம்மா அப்பா எழுத வேண்டாம். நாலு வருடம் கூடவே இருக்கப் போகிற பிள்ளையின் குரலைத்தான் கோச் கேட்க விரும்புவார்.

சான் ஹோசே அப்பா: மகனின் கால்பந்து வீடியோ எட்டு நிமிடம், பின்னணி இசையோடு செய்திருக்கிறோம். சரியா?

பாதியாகக் குறையுங்கள், இசையை எடுத்துவிடுங்கள். மிகச் சிறந்த நாலு காட்சிகள் முதல் முப்பது நொடியில் வர வேண்டும், அதற்குமேல் பார்ப்பதா என்று கோச் அங்கேயே முடிவு செய்துவிடுவார். ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது மகனைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். முழு ஆட்டம் ஒன்றின் இணைப்பையும் தனியாகக் கொடுங்கள். பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறான் என்பது அதில்தான் தெரியும்.

அட்லாண்டா அம்மா: ஒரு கல்லூரி நடத்தும் பயிற்சி கேம்புக்கு மகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. தேர்ந்தெடுத்துவிட்டார்களா?

இல்லை. அந்தக் கடிதம் பெரும்பாலும் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போயிருக்கும். மகளின் நேரத்தையோ ஆட்டத்தையோ குறிப்பிட்டு கோச் தானே எழுதியிருந்தால் போங்கள். கோச்களிடம் கொண்டு சேர்ப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜென்சிகளிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். கோச்களின் ஈமெயில் முகவரி கல்லூரித் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

சிகாகோ அப்பா: முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகளின் ஐவி லீக் டிவிஷன் 1-தான், ஆனால் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. எம்ஐடியும் உங்கள் ஊர் சிகாகோ பல்கலைக்கழகமும் இருக்கும் டிவிஷன் 3 பிரிவிலும் கிடையாது. அங்கெல்லாம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு, பல வீடுகளுக்கு அதுவே பெரிய தொகை. மற்ற இடங்களில் பகுதி ஸ்காலர்ஷிப்தான் வழக்கம். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025-ல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் ஓர் அணியில் எத்தனை பேர் என்பதற்கே உச்சவரம்பு வந்துவிட்டது. அதனால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்வது (வாக்-ஆன்) அங்கே முன்பைவிடக் கடினம். டிவிஷன் 3-ஐ நம் வீடுகளில் குறைவாக நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நல்ல படிப்பும் நாலு வருட ஆட்டமும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது.

சென்னை, பதினோராம் வகுப்பு நீச்சல் வீராங்கனை: இங்கிருந்து முடியுமா?

முடியும்மா. உன் நேரங்கள் 50 மீட்டர் குளத்தில் பதிவானவை, அமெரிக்கக் கல்லூரிகள் 25 கெஜக் குளத்தில் நீந்துகின்றன. அதனால் ஈமெயிலில் குளத்தின் நீளத்தை மறக்காமல் எழுது. கல்லூரி அணியில் விளையாடத் தகுதி உண்டா என்று சரிபார்க்கும் என்சிஏஏ தகுதி மையத்தில் இப்போதே கணக்குத் தொடங்கு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும் கேட்பார்கள். பள்ளியிலிருந்து பழைய சான்றுகளை வாங்கத்தான் பலருக்கும் மாதக்கணக்கில் இழுக்கிறது, அதை இந்த வாரமே ஆரம்பித்துவிடு.