கோயிம்ப்ரா குழுமப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தால் மற்ற உறுப்பினர் பல்கலைக்கழகங்களிலும் ஒரு செமஸ்டர் படிக்கலாமா?

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப்போகிறீர்கள். அது கோயிம்ப்ரா குழுமத்தில் இருப்பதால் சுவீடனின் உப்சாலா, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் என எங்கும் போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 1985-இல் தொடங்கிய இந்தக் குழுமம் ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. அதில் உறுப்பினர் என்பதாலேயே மாணவருக்கு இடம் கிடைத்துவிடாது.

உங்களை அனுப்புவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் இரு பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதுவும் பாடத்துறை வாரியாக, இத்தனை இடம் என்ற கணக்கோடு இருக்கும். சட்டத்துறைக்குப் போட்ட ஒப்பந்தத்தில் இயற்பியல் மாணவர் போக முடியாது. எனவே முதலில் உங்கள் துறையின் ஒப்பந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதுகலைக்கும் இடம் உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடம் கிடைத்துவிட்டால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. பதுவாவில் கட்டுவது மட்டும்தான்.

பலர் சறுக்குவது கிரெடிட் கணக்கில், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பலகில். பதுவாவில் பாடங்கள் பெரும்பாலும் 6 அல்லது 9 கிரெடிட், உப்சாலாவில் 7.5. 9-க்குப் பதில் ஒரு 7.5 எடுத்தால் 1.5 குறையும், திரும்பி வந்ததும் அந்தப் பாடம் தொங்கலில் நிற்கும். ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தாமல், 6-ம் 9-மாக இரண்டு பாடங்களை அங்குள்ள இரண்டு 7.5 பாடங்களோடு சேர்த்துப் பொருத்துங்கள். இரு பக்கமும் 15. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று பதியும் லேர்னிங் அக்ரிமென்ட்டில் அப்படியே எழுதி, கிளம்பும் முன் நீங்களும் இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டாக வேண்டும். அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால் அந்தத் தாளையும் உடனே திருத்துங்கள். வாய்ப்பேச்சில் விட்ட மாற்றத்துக்குக் கிரெடிட் வராது.

அடுத்தது நாள்காட்டி. உப்சாலாவின் வசந்த செமஸ்டர் ஜனவரி நடுவில் தொடங்கிவிடும்; பதுவாவில் முதல் செமஸ்டர் தேர்வுகள் பிப்ரவரி வரை போகும். ஹைடல்பெர்க்கில் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரல் நடுவில்தான் தொடங்கும் என்பதால் இந்த மோதல் இல்லை. இரண்டிலும் இடம் இருந்தால் நான் ஹைடல்பெர்க்கைத்தான் சொல்வேன்.

விசா பற்றி: இத்தாலிய மாணவர் அனுமதி இருந்தால், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் கீழ் இன்னொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் 360 நாள் வரை படிக்க 2016-ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம் இடம் தருகிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. முன்கூட்டியே தகவல் கேட்கும் நாடுகளும் உண்டு. டிக்கெட் போடும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.