'பேய்க்காட்டுதல்' என்றால் என்ன? அந்தச் சொல் எப்படி வந்தது?

ஏமாற்றுதல், அவ்வளவுதான். ஆனால் காணியை எழுதி வாங்கிக்கொண்டு ஓடுகிற ஏமாற்று இல்லை. அகப்பட்டால் இரண்டு பேரும் சிரித்துவிடக்கூடிய அளவு ஏமாற்று.

நான் திருகோணமலை. இங்கே மீன் சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்றாலே இந்தச் சொல் காதில் விழும். ஐஸில் கிடந்த நேற்றைய பாரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, "இப்பதான் வள்ளத்தால இறங்கினது அக்கா" என்பார் வியாபாரி. அக்கா பேசாமல் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பெல்லாம் போய் மண்ணிறமாக இருக்கும். "ஆரைப் பேய்க்காட்டுறீங்க?" அதோடு விலை இறங்கும். பேச்சில் 'பேக்காட்டு' என்றும் தேய்ந்து வரும்.

சரி, பேய் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளுக்குப் பேயைக் காட்டிப் பயமுறுத்தியதிலிருந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. தமிழ்நாட்டில் 'எனக்கே பூச்சாண்டி காட்டுறியா' என்பார்கள். அங்கே 'எனக்கு' வருகிறது, பொருளும் மிரட்டல்தான். நாங்களோ 'என்னைப் பேய்க்காட்டினான்' என்கிறோம். பேய் காட்டப்படும் பொருள் இல்லை, நான்தான் பேய் ஆக்கப்பட்டவன். ஈழத்துப் பேச்சில் பேயன் என்றால் முட்டாள், பேய்க்கதை என்றால் அர்த்தமில்லாத பேச்சு. ஆகவே ஒருவரைப் பேயனாக்குவதே பேய்க்காட்டுவது என்பது என் கணிப்பு.

பேய் என்ற சொல்லுக்கே அச்சத்தோடும் பொய்த்தோற்றத்தோடும் பழைய உறவு உண்டு. 'பேம், நாம், உரும்' மூன்றும் அச்சத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சங்கப் பாடல்களில் கானல் நீருக்குப் பெயர் பேய்த்தேர். தண்ணீர் என்று நம்பி விலங்குகள் ஓடும், போனால் ஒன்றும் இராது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் எல்லாம் அதே கதைதான்: பார்த்தால் கறிக்கு ஆகும் காய் போலிருக்கும், வாயில் வைத்தால் கசப்பு. (இந்தப் பெயர்களை வைத்தவர் யாரோ, ஒருமுறையாவது கறி வைத்துப் பார்த்திருப்பார்!) பேயன் என்ற வழியையும் இந்தப் போலி என்ற வழியையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். போலியைக் காட்டித்தானே ஒருவரைப் பேயனாக்க முடியும்.

பக்கத்துச் சொற்களோடு மாற்றிப் போடாதீர்கள். காசு விஷயத்தில் கணக்கைப் புரட்டினால் அது சுத்துமாத்து. சுற்று, மாற்று இரண்டும் பேச்சில் அப்படி ஆனவை. அது சொன்னால் ஆள் கோபப்படுவார். இல்லாததை இருப்பதுபோல் காட்டிப் பெருமை அடித்தால் பம்மாத்து. சனிக்கிழமை நிலாவெளிக்குக் கடல் குளிக்கக் கூட்டிப்போவதாகச் சொன்ன அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினால், பிள்ளை சொல்வது பேய்க்காட்டுதல்: "அப்பா பேய்க்காட்டிப் போட்டார்."

அப்பாவிடம் சொல்லலாம், சந்தையில் சொல்லலாம். முன்பின் தெரியாத பெரியவரிடம் முகத்துக்கு நேரே சொன்னால் மரியாதைக் குறைவு. அவர் போன பிறகு சொல்லுங்கள், நாங்களும் அப்படித்தான்.