தண்டவாளத்துக்கு அடியில்

கேள்வி: அகல ரயில் பாதைகள் அநேகமாக எல்லாமே மின்மயமாகிவிட்டன. 2030-க்குள் கார்பன் சமநிலை என்று ரயில்வே இலக்கும் வைத்திருக்கிறது. பிறகும் ரயில்வே விஷயத்தில் சுற்றுச்சூழல் கவலை எதற்கு?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: டீசல் புகை போனதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் மேலே போகும் கம்பியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். கொஞ்சம் குனிந்து தண்டவாளத்துக்கு அடியில் பாருங்கள்.

ஒரு கிலோமீட்டருக்கு தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் சிலிப்பர் கட்டைகள் சுமார் 1,660. ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல். (முன்பு இதற்காகக் காட்டு மரங்களை வெட்டினார்கள். கான்கிரீட் வந்து அதை நிறுத்தியது பெரிய காரியம்.) கட்டைக்குக் கீழே ஏறக்குறைய ஓரடிக்குக் கருங்கல் ஜல்லி. எங்கோ ஒரு குன்றை உடைத்து வந்த கல். ஒருமுறை கொட்டினால் தீர்ந்தது என்றும் இல்லை. வண்டி ஓட ஓட முனை மழுங்கும், தூளாகும், மண் ஏறும். அப்புறம் மழைத் தண்ணீர் இறங்காது. வண்டி கடக்கும்போது கட்டையடியிலிருந்து சேறு பீச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் ஜல்லி செத்துவிட்டது என்று பொருள்.

அதைத் தோண்டிச் சலித்து, நல்ல கல்லைத் திரும்பப் போடும் இயந்திரம் ரயில்வேயிடமே இருக்கிறது. அந்தச் சலிப்பைத் தவணை தவறாமல் செய்தாலே புதுக் கல்லின் தேவை குறையும். சலித்த கசடைக் கரையோரம் தள்ளி வடிகாலை அடைத்துவிடவும் கூடாது.

ரயில்வேயால் முடியாததும் இல்லை. ரயில் கழிவறைக் கழிவு நேரே பாதையில் விழுந்த காலத்தில் தண்டவாளமும், அதைக் கட்டையோடு பிடிக்கும் கிளிப்பும் அரித்துப்போயின. பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் அந்த அசிங்கத்துக்கு நடுவே குனிந்து வேலை செய்தார்கள். கழிவைப் பெட்டிக்கு அடியிலேயே தொட்டியில் பிடித்துச் சிதைக்கும் பயோ டாய்லெட் வந்தது. அந்த அவலமும் குறைந்தது, துருவும் குறைந்தது.

எனக்குப் பெரிய கவலை தண்ணீர்தான். 2023 டிசம்பர் 17 இரவு, பெருமழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். செய்துங்கநல்லூர் பக்கம் வெள்ளம் கரையையும் ஜல்லியையும் அள்ளிக்கொண்டு போக, தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. அன்று பெய்தது அசாதாரண மழை, குளங்களும் உடைந்தன. சரி. ஆனாலும் ரயில் கரை என்பது வயல்வெளிக்குக் குறுக்கே கட்டிய நீளமான அணை. தண்ணீர் போக வழி இல்லையென்றால், அதுவே வழி உண்டாக்கிக்கொள்ளும்.

உங்கள் விருதுநகர் வழியாகவும் இரட்டைப் பாதை போட்டார்கள். கரை அகலமாகும்போது பழைய பாலத்தின் கண்ணையும் பெரிதாக்கினார்களா, எந்தக் கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டது? இதைக் கேட்க உங்களைப்போல உள்ளூர்க்காரர்தான் வேண்டும். அடுத்த மழைக்கு முன்னால் ஒருநாள் ஆயக்கட்டு விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரையோரம் நடந்து பாருங்கள். கண்டதை எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.