துடிப்பு சீரான பிறகும் மாத்திரை எதற்கு?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) எனும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

எனக்கு வயது 68. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. படபடப்புக்காக ஈ.சி.ஜி. எடுத்தபோது ஏ.எஃப். என்றார்கள். மெட்டோப்ரோலால் சாப்பிட ஆரம்பித்ததும் படபடப்பு போய்விட்டது. கூடவே அபிக்சபான் மாத்திரையையும் ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்கிறார்கள். தொந்தரவே இல்லாதபோது அது எதற்கு?
– வாசகர், ஈரோடு

இரண்டு மாத்திரைகளுக்கும் வேலை வேறு வேறு. மெட்டோப்ரோலால் துடிப்பின் வேகத்தைத்தான் குறைக்கிறது, ஏ.எஃப். அப்படியே இருக்கலாம். இந்த நோயில் இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் தாறுமாறாகச் சுற்றுகின்றன. அறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதில்லை, வெறுமனே நடுங்குகிறது. இடது மேலறையை ஒட்டி ஒரு சிறு பை உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி நழுவினால் பெரும்பாலும் போய் அடைப்பது மூளையின் ரத்தக்குழாயைத்தான். இப்படி வரும் பக்கவாதம் பொதுவாகப் பெரியதாகவும் இருக்கும். படபடப்பு இருக்கிறதா இல்லையா என்பதற்கும் கட்டி உருவாவதற்கும் தொடர்பில்லை. பலருக்கு ஏ.எஃப். வருவதும் போவதும் தெரியவே தெரியாது.

அபிக்சபான்போல் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து யாருக்கு வேண்டும் என்பதை மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறார்கள். இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு நோய் ஒவ்வொன்றுக்கும் 1. வயது 65 முதல் 74 வரை என்றால் 1; 75 ஆகிவிட்டால் 2. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2. (பெண் என்பதற்கும் ஒரு மதிப்பெண் இருந்தது, 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை நீக்கிவிட்டது.) 2 வந்தாலே மருந்து வேண்டும். 1 என்றால் மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவெடுக்கலாம். உங்களுக்கு வயது, சர்க்கரை, பிரஷர் என்று 3 வருகிறது.

ஷாக் கொடுத்தோ, அப்லேஷன் (கோளாறான மின்பாதையை அணைக்கும் சிகிச்சை) செய்தோ துடிப்பு சீரானாலும் இந்த மதிப்பெண் மாறாது. ஈ.சி.ஜி. நார்மல் என்று தாள் வந்ததும் அபிக்சபானை நிறுத்துவதுதான் இந்த நோயில் அதிகம் நடக்கும் தவறு. ஆபத்தும் அதில்தான் அதிகம்.

அபிக்சபான் விலை கட்டுப்படியாகவில்லை. பதிலாக ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதாதா?
– வாசகி, மதுரை

போதாது. அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. ஆஸ்பிரின் குழுவில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ வேறிடத்தில் அடைப்போ வந்தது. அபிக்சபான் குழுவில் 1.6 சதவீதம்தான். பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆக, ஆஸ்பிரினால் காப்பு குறைவு, கசிவு மட்டும் குறையவில்லை. செலவு பிரச்சினை என்றால் ஜெனரிக் அபிக்சபான் கேளுங்கள். அதுவும் முடியாதபோது உறைவைத் தடுக்கும் பழைய மாத்திரைகளான வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மலிவு. ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எனும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

அப்பாவுக்கு 78 வயது, எடை 64 கிலோ, கிரியாட்டினின் 1.3. "வயசானவர்தானே" என்று 5 மி.கி. அபிக்சபானை 2.5 ஆக்கிக் கொடுக்கிறோம். சரியா?
– வாசகர், திருநெல்வேலி

சரியில்லை. அபிக்சபானைப் பாதியாக்க மூன்று காரணங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.5 அல்லது அதற்கு மேல். உங்கள் அப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை. காலை 5, இரவு 5 என்பதுதான் அவருக்கான அளவு. பாதி அளவில் பக்கவாதக் காப்புதான் குறையும். மருத்துவரிடம் இந்த மூன்று எண்களையும் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆனால் இதே மனிதர் இதே வேலை செய்யும் வேறு மாத்திரை எடுத்தால் கணக்கு மாறும். கிரியாட்டினின் 1.3 என்பது பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். 140லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்துப் பாருங்கள் (பெண்களுக்கு வரும் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும்). அவருக்கு 62 × 64 ÷ 93.6, அதாவது சுமார் 42. சிறுநீரகம் நிமிடத்துக்கு இவ்வளவு மில்லி ரத்தத்தைத்தான் சுத்திகரிக்கிறது என்று பொருள். இது 50க்குக் கீழ் இருப்பதால் ரிவராக்சபான் 20க்குப் பதில் 15 மி.கி.; எடாக்சபான் 60க்குப் பதில் 30. டபிகாட்ரான் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். 80 வயது தாண்டினால் 150க்குப் பதில் 110 மி.கி. இரண்டு வேளை.

ரிவராக்சபானை வெறும் வயிற்றில் போட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்கு உடலில் சேராமல் போகிறது. வயிறு நிறையச் சாப்பிடும் வேளையில் போட வேண்டும். டபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கக் கூடாது. அட்டையிலிருந்து எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். நெஞ்செரிச்சலும் அதில் அதிகம்.

இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் யாரும் ஆண்டுக்கு ஒரு முறை கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். 75 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

உறைவைத் தடுக்கும் மாத்திரையை ஒரு வேளை மறந்துவிட்டால்?
– வாசகர், நாமக்கல்

இரண்டு வேளை மாத்திரை என்றால் 6 மணி நேரத்துக்குள், ஒரு வேளை மாத்திரை என்றால் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

எனக்கு வயது 31. சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, ஏ.எஃப். உண்டு. அசிட்ரோம் சாப்பிடுகிறேன். ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அலைவது சிரமம். அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைக்கு மாறலாமா? குழந்தை பெறவும் ஆசை.
– வாசகி, விழுப்புரம்

மாற வேண்டாம். மூட்டுக் காய்ச்சலால் வரும் ருமாட்டிக் இதய நோயோடு ஏ.எஃப். இருந்த சுமார் 4,500 பேரிடம் ரிவராக்சபானையும் பழைய வகை மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. பலரும் புதியதே வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. மைட்ரல் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின், அசெனோகூமரால் (உங்கள் அசிட்ரோம் அதுதான்) வகைதான்.

உங்களுக்கு ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையே இருக்க வேண்டும். 2க்குக் கீழே போனால் உறைவு. 4ஐத் தாண்டினால் கசிவு அபாயம் ஏறுகிறது. அளவு நிலைத்த பிறகு மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் போடுங்கள். அன்று காலை எடுத்த பரிசோதனை முடிவைப் பார்த்து அன்றைய அளவையே மாற்ற முடியும்.

கீரையை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் சிக்கல் கீரையில் இல்லை, அளவு ஏறி இறங்குவதில். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுகிறவர் வாரா வாரம் அப்படியே சாப்பிட்டால் மாத்திரை அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தினமும் சாப்பிட்டால்தான் ஐ.என்.ஆர். சரியும்.

கீரையைவிட மருந்துக்கடையில் கவனம் வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், கிருமித் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் ஆகியவை ஐ.என்.ஆரை விறுவிறுவென ஏற்றிவிடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதைக் கீழே இழுத்துவிடும். இப்படி எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தாலும் மூன்று முதல் ஐந்து நாளில் ஐ.என்.ஆர். பாருங்கள். ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசிபின் மருந்துகளும் புதிய மாத்திரைகளின் பலனையும் குறைத்துவிடும்.

குழந்தை விஷயம் தனி. இந்த மாத்திரை கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரங்களில் கருவின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்தினால் உங்கள் உயிருக்கே ஆபத்து. புதிய மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது. கர்ப்பமாகும் முன்பே எக்கோ எடுத்து, இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்ந்து பாருங்கள். சுருங்கிய வால்வைப் பலூன் கொண்டு விரிக்க வேண்டியிருந்தால் கர்ப்பத்துக்கு முன் செய்வதே நல்லது. முடிவெடுக்கும்வரை பாதுகாப்பான கருத்தடை முறை இருக்கட்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் அந்த வாரமே பரிசோதித்துவிட்டுப் போங்கள். ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதற்கு நேரம் கிடைக்கும்.

வார்ஃபரின் எலி மருந்தாமே?
– வாசகர், காரைக்குடி

ஆம். கெட்டுப்போன தீவனம் தின்ற அமெரிக்க மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை விஸ்கான்சினில் ஆராய்ந்ததில் பிறந்த மருந்து இது. 1948இல் எலிக்கொல்லியாக வந்தது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. எலிக்கு விஷமாவதும் நமக்கு மருந்தாவதும் அளவால்தான். அந்த அளவைக் காட்டுவதுதான் ஐ.என்.ஆர்.

பல் பிடுங்க வேண்டும். பல் மருத்துவர் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்.
– வாசகர், சேலம்

ஓரிரு பல் பிடுங்குவதற்கு நிறுத்தத் தேவையில்லை. வார்ஃபரின் வகை என்றால் முந்தைய நாள் ஐ.என்.ஆர். 3.5க்குள் இருந்தால் பிடுங்கலாம். அபிக்சபான், டபிகாட்ரான் என்றால் பெரும்பாலும் அன்று காலை வேளையை மட்டும் விட்டு, கசிவு நின்ற பின் இரவு வேளையை வழக்கம்போல் போடச் சொல்வார்கள். பஞ்சை அரை மணி நேரம் கடித்தபடி இருப்பது, தையல், கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு – இவை போதும். பிறகு வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

பெரிய அறுவை சிகிச்சை வேறு கதை. புதிய மாத்திரைகளைப் பொதுவாக இரண்டு நாள் முன்பும், வார்ஃபரினை ஐந்து நாள் முன்பும் நிறுத்துவார்கள். டபிகாட்ரானுக்குச் சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்னும் முன்பே. அந்த நாட்களை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். மறுபடி எந்த நாள் தொடங்குவது என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். நிறுத்தியது நினைவிருந்து, தொடங்க மறந்து போவதுதான் வழக்கமாக நடப்பது.

அம்மாவுக்கு 80 வயது. டிஜாக்சின் வாரம் ஐந்து நாள் தருகிறோம். ஒரு வாரமாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி வருகிறது. கேஸ் டிரபிளா?
– வாசகி, புதுச்சேரி

கேஸ் என்று விடாதீர்கள். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜாக்சின் உடலில் மிஞ்சினால் முதலில் தெரிவது பசியின்மையும் குமட்டலும்தான். சிலருக்குப் பார்வை மஞ்சளாகும், நாடி மெதுவாகும். சிறுநீரகம் மந்தமானாலோ, நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தாலோ, துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சேர்ந்தாலோ பழைய அளவே விஷமாகிவிடும். அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் இன்றே ஈ.சி.ஜி., பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள்.

ஓராண்டாக அமியோடரோன் 200 மி.கி. சாப்பிடுகிறேன். இரண்டு வாரமாக வறட்டு இருமல். தொடரலாமா?
– வாசகர், கோவை

உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. வேண்டும். துடிப்பைச் சீராக வைப்பதில் வலுவான மருந்து இது, பக்கவிளைவிலும் அப்படித்தான். நுரையீரல் பாதிப்பு வறட்டு இருமலும் மூச்சுத்திணறலுமாகத் தொடங்கும். ஒரு மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். அதனால் தைராய்டு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். எனும் தைராய்டு பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் செய்ய வேண்டும். வெயிலில் தோல் கறுக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். நிறுத்தினாலும் மருந்து உடலைவிட்டு நீங்க மாதங்கள் ஆகும். வார்ஃபரினும் சேர்ந்திருந்தால் அதன் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க நேரும்.

ஃப்ளெகெய்னைட் என்று மாற்று மருந்து உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கும் பலவீனமான இதயத்துக்கும் அது கூடாது.

மாத்திரை தவிர நாங்களாகச் செய்ய என்ன இருக்கிறது?
– வாசகி, திருச்சி

எடை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்கு ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியது. 85 கிலோ இருப்பவருக்கு இது எட்டரை கிலோ. மது குடிப்பவர் நிறுத்தினால் ஏ.எஃப். திரும்புவது குறைகிறது, இதற்கும் 2020இல் வெளியான ஆய்வு இருக்கிறது. குறட்டையோடு பகலில் தூங்கி வழிந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதியுங்கள். பிரஷர் 130/80க்குள்.

நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ணப் பழகுங்கள். ஓய்வில் 110ஐத் தாண்டியே இருந்தால் வேகத்தைக் குறைக்கும் மருந்து போதவில்லை. தானியங்கி பிரஷர் கருவி ஏ.எஃப்.இல் தடுமாறும், மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

மூட்டு வலி மாத்திரை போடலாமா? டெங்கு வந்தால்?
– வாசகர், கன்னியாகுமரி

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம்; வயிற்றில் கசிவு வரும். மேலே தடவும் களிம்பு, அளவோடு பாராசிட்டமால் சரி. டெங்குவில் தட்டணுக்கள் 50,000க்குக் கீழே போனால் உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தி வைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்; காய்ச்சல் தொடங்கியதுமே மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

மலம் தார்போல் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ (வெளியே காயம் இல்லாவிட்டாலும்) மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் முன்னே குனிந்து 15 நிமிடம் மூக்கை இறுக்கிப் பிடியுங்கள்.

வாய் கோணினால் ஆஸ்பத்திரி போகும் முன் என்ன கொடுக்கலாம்?
– வாசகி, தர்மபுரி

எதுவும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரினும் கூடாது, தண்ணீரும் கூடாது. வந்தது அடைப்பா கசிவா என்பது சி.டி. எடுத்தால்தான் தெரியும். வாய் கோணல், ஒரு கை தொங்குதல், பேச்சுக் குழறல் – ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைத்து, சி.டி. வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும், கடைசி மாத்திரை எது, எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரை போட்டு 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் அந்த ஊசி பெரும்பாலும் போட மாட்டார்கள். ஆனால் பெரிய குழாயில் அடைத்த கட்டியைக் குழாய் வழியாகவே இழுத்து எடுக்க அது தடையில்லை.