வாசகர் கேள்வி-பதில்: உப்பளத்தில் ஒரு கைப்பேசி

கேள்வி: தூத்துக்குடி அருகே ஓர் உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறேன். பகல் முழுவதும் வரப்பில்தான் நிற்க வேண்டும். ராணுவத் தரம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, முனைகளில் ரப்பர் வைத்த கனமான கறுப்புக் கவரை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பேசி இருமுறை கைதவறி விழுந்தும் உடையவில்லை. ஆனால் நண்பகலில் கொதித்து அணைந்துவிடுகிறது. நான்கே மாதத்தில் சார்ஜ் போடும் துளையில் பச்சை பிடித்துவிட்டது. வாங்கிய கவர் போலியா?

பதில்: போலி என்று தோன்றவில்லை. விழுந்தால் காப்பதற்காகச் செய்த பொருள், இருமுறை விழுந்தபோதும் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் விழுவது பெரிய ஆபத்தே அல்ல என்பதுதான் சிக்கல். வரப்போ களிமண், அதில் விழுந்து உடையும் கைப்பேசிகளைவிட, பாத்தியின் உப்புநீரிலும் உச்சி வெயிலிலும் கெடுபவையே அதிகமாக இருக்கும்.

'ராணுவத் தரம்' என்பதையும் சற்று விளக்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் தளவாடங்களைச் சோதிப்பதற்கு வகுத்த எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்ற நடைமுறைத் தொகுப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கவர்ப் பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் 'ஜி' பதிப்பு 2008-இல் வந்தது. அதன்படி 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, கான்கிரீட்டின் மேல் பரப்பிய 2 அங்குல ஒட்டுப்பலகையில் 26 முறை பொருளைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த 26 முறையையும் ஐந்து மாதிரிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். அந்தத் துறை எந்தக் கவருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தயாரிப்பாளரே சோதித்து, அவரே அச்சிட்டுக்கொள்கிறார். அதே தொகுப்பில் வெப்பத்துக்கும் புழுதிக்கும் உப்புப் பனிக்கும்கூடத் தனித்தனிச் சோதனைகள் உண்டு என்றாலும், விழும் சோதனையை மட்டும் முடித்துவிட்டுத் தொகுப்பின் பெயரைப் போட்டுக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை.

இனி சூடு. கைப்பேசி தன் வெப்பத்தை முதுகுப்புறமாகவும் விளிம்புச் சட்டத்தின் வழியாகவும்தான் வெளியேற்றுகிறது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. போதாதற்கு உங்கள் கவர் கறுப்பு, வெயிலை அப்படியே குடித்துக்கொள்ளும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் எழுத்து தெரியவில்லையென்று திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டியிருப்பீர்கள். அந்தச் சூடும் சேர்கிறது. ஐபோனுக்கு 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலைத்தான் அதன் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். கோடை உப்பளம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். கைப்பேசி அணைந்துபோவது பழுதல்ல, பேட்டரியைக் காக்கத் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. அப்போது கவரைக் கழற்றி நிழலில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் வேர்த்துவிடும்.

பச்சைக்கு வருவோம். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையவை. பகலில் துளைக்குள் ஒட்டிய தூள், மாலைக் கடற்காற்றில் கசிந்து உப்புநீராகிவிடுகிறது. இரவில் அதிலேயே சார்ஜ் வயரைச் செருகினால், அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து தொடுமுனைகளின் மேற்பூச்சை அரித்து, அடியிலுள்ள செம்பில் பச்சை பூக்க வைக்கிறது. கவருக்கு மூடி இல்லாவிட்டால், துளைக்கென்று தனியே விற்கும் சிலிக்கோன் அடைப்பானை வாங்கிப் போடுங்கள். பிடித்த பச்சையைக் குண்டூசியால் சுரண்டாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

தினமும் மாலையில் கவரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, கைப்பேசியை ஈரத்துணியால் துடையுங்கள். கழற்றியதும் உட்புற மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள், நறநறவென்று தட்டுப்படும். அதில் உப்பு மென்மையானது, கண்ணாடியைக் கீறாது. கூடவே சேரும் மணல்தான் கீறும்.

என்னைக் கேட்டால், வேலை நேரத்துக்கு வெளிர் நிறத்தில் மெல்லிய கவரும் கழுத்தில் மாட்டும் கயிறும் போதும். கயிறு இருந்தால் பாத்தியில் விழாது. மீறி உப்புநீரில் விழுந்துவிட்டால், உடனே அணைத்துவிடுங்கள். ஐபி67, ஐபி68 என்ற நீர்காப்புத் தரமுள்ள கைப்பேசியாக இருந்தால் நல்ல தண்ணீரில் லேசாக அலசலாம். அந்தச் சோதனைகள் நன்னீரில் செய்யப்பட்டவை என்பதால், உப்புநீருக்கு அந்த எண்களை நம்ப வேண்டாம். அரிசிப் பானையில் புதைப்பதால் பயனில்லை, தூசிதான் உள்ளே போகும்.

கேள்வி: மலையேற்றத்துக்காகக் காந்த வளையமுள்ள தடித்த கவர் வாங்கினேன். கைப்பேசியின் திசைகாட்டி தவறாகக் காட்டுகிறது. ஏன்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அந்த வளையம்தான் காரணம். கைப்பேசிக்குள் இருக்கும் திசை உணரி பூமியின் மெல்லிய காந்தப்புலத்தைப் பார்த்தே வடக்கைச் சொல்கிறது. ஓர் அங்குலத்துக்குள் காந்தம் இருந்தால் குழம்பிவிடும். வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடம் செயற்கைக்கோள் மூலம் தெரிவது, அது மாறாது. திசை அம்பு மட்டுமே பிசகும். கவரைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைக் காற்றில் எட்டு போடுவதுபோல் நாலைந்து முறை சுழற்றினால் சரியாகிவிடும். மலைக்குக் காந்தமில்லாத கவரை எடுத்துச் செல்லுங்கள்.