இன்னோவாவுக்குப் பழைய பக்கக் கண்ணாடி வாங்குவது பற்றி

வணக்கம். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பேருந்து உரசி, உங்கள் 2010 இன்னோவாவின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்ததாகவும், சேலத்தில் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் முதலில் உடைந்ததைக் கழற்றிப் பாருங்கள், ஏனெனில் வெளிக்கூடும் கண்ணாடியை நகர்த்தும் மோட்டாரும் நன்றாக இருந்து கண்ணாடித் தகடு மட்டும் நொறுங்கியிருந்தால், தகட்டை மட்டும் மாற்றினாலே போதும்.

முழுதாக வாங்குவதானால், கழற்றியதைக் கையோடு கொண்டுபோய், வயர் சாக்கெட்டில் உள்ள பின்களின் எண்ணிக்கையையும் அவை இருக்கும் வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடியை மடக்கும் மோட்டாரும் இண்டிகேட்டர் விளக்கும் உள்ளவற்றுக்குக் கூடுதல் வயர்கள் வரும் என்பதால், வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. கதவில் பொருந்தும் அடிப்பாகத்தின் திருகுத் துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். நான் முன்பு வாங்கிய ஒன்றில் அங்கே மயிரிழை விரிசலைப் பசையால் மறைத்திருந்தார்கள், மலை இறங்கும்போது பின்னால் வரும் வண்டியே தெரியாத அளவுக்கு அது அதிர்ந்தது. கண்ணாடி ஓரத்தில் ரசம் கறுத்திருந்தாலும் வேண்டாம். ஏற்காட்டு மூடுபனியில் அது மிகவும் தொல்லை தரும்.

நிறம் பொருந்தாவிட்டால் கவலையில்லை, பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். பணம் கொடுக்கும் முன், திருகு பூட்டாமலேயே உங்கள் வண்டியின் சாக்கெட்டில் இணைத்து, நான்கு திசைகளிலும் கண்ணாடி நகர்கிறதா என்று சுவிட்சை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.